உரிமம் பெற்ற வாய்

சினிமாவைப் பற்றிப் பேச ஒரு வாய் இருந்தால் போதும் என்று பிரிட்ஜ்காரர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். பெரிய தப்பு. அந்தத் தப்பைத் திருத்துவதற்காகவே அரசாங்கம் ஒரு வாரியத்தையும், அதற்கு ஒரு தலைவரையும், தலைவருக்குக் குளிரூட்டிய மூன்று மாடிகளையும் ஏற்பாடு செய்திருந்தது அவருக்குத் தெரியாது. யார் வீட்டு பிரிட்ஜ் சூடானாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதருக்கு இதையெல்லாம் தெரிந்துகொள்ள எங்கே நேரம்? அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பந்தி வீட்டார்கூட அதை மறந்துபோய், "பிரிட்ஜ்காரர் வந்திருக்கார், உள்ள வரச் சொல்லு" என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய மனைவி ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கை சுத்தம், வாய் நீளம், சினிமாப் பைத்தியம். சர்க்கரை வியாதி அவளுடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. "சரிங்க, என் செருப்ப மட்டும் எடுத்துக் குடுங்க" என்று எழுந்துவிட்டாள். அழுதது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மேட்னி நேரத்துக்குப் பழக்கதோஷத்தில் தலை வாரி, நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு வாசல்வரை வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எனக்கு எதுக்குங்க இனிமே தியேட்டர்?"

"நீ வா. நான் பாக்குறேன், நீ கேளு" என்றார் அவர்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பின்வரிசைகளில் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து, அவள் காதுப்பக்கம் தலையைச் சாய்த்து, திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வருவார். நடப்பதை மட்டும் சொன்னால் அவள் விடமாட்டாள். ஆள் எப்படி, அழுகை நிஜமா, சும்மா கத்துகிறானா, உண்மையிலேயே கோபமா என்று குடைந்தெடுப்பாள். அதனால் கதையும் கருத்தும் கலந்துதான் வரும்.

போலீஸ் படம் ஒன்று வந்தது. "பத்துப் பேர அடிச்சுட்டான். சட்டை கசங்கல."

"நல்ல துணியா இருக்கும்" என்றாள் ஜவுளிக்கடைக்காரி.

"துணி நல்லாத்தான் இருக்கு. கதைதான் சாயம் போகுது."

பேய்ப் படம் ஒன்று வந்தது. "பேய் பாவம், ஒல்லியா ஒரு ஓரமா நிக்குது. இவங்கதான் கத்திக் கத்தி அதப் பயமுறுத்துறாங்க" என்றார். ஓடி முடிந்த படம் ஒன்றுக்கு இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வரிசையாக நின்றார்கள். "அப்ப நான் போன தடவ அழுதது?" என்று அவள் கேட்டாள். "சுத்தமா வீண்" என்றார் இவர்.

வெளிநாட்டில் விருது வாங்கிய படம் ஒன்றுக்கும் போனார்கள்.

"இப்ப என்னங்க நடக்குது?"

"ஒரு மாடு நிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இன்னும் நிக்குது."

"மாடு எப்படி?"

"மத்தவங்களப் பாக்குறப்ப மாடு பரவால்ல."

எந்தப் படமானாலும் அவர் கண் சமையலறைக்குப் போய்விடும். "பிரிட்ஜ் நல்ல கம்பெனி. ஆனா பிளக்கே சொருகல. அதுலேர்ந்து சில்லுனு தண்ணி எடுத்துக் குடிக்கிறா, பாரேன்" என்று ஆற்றாமையோடு சொல்வார். அழுகைப் படங்களில் அவருக்கு ஞாபகம் நிற்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் வாயடைத்துப் போனார். காணாமல்போன மகனைத் தேடி ஒருத்தி பஸ் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற படம். "ஏங்க, என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்குறீங்க?" என்று அவள் உலுக்கினாள். "ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருக்கா. கொஞ்சம் இரு" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அந்தக் காட்சியை அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் அவள் பார்த்துவிட்டாள்.

விஷயம் மெல்ல வெளியே கசிந்தது. அவர்களுக்கு முன்னும் பின்னும் இருக்கிற இருக்கைகள்தான் முதலில் தீர்ந்தன. பிரிட்ஜ்காரர் காதில் சொல்வதை ஒட்டுக்கேட்டுவிட்டு நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவர் ஒரு நாள் எழுந்து நின்று, டார்ச் விளக்கை அவர் முகத்தில் அடித்தார்.

"இங்க கருத்து சொன்னது யாரு?"

"என் சம்சாரத்துக்குக் கண் தெரியாதுங்க. அதான் சொல்லிட்டிருந்தேன்."

"உரிமம் இருக்கா?"

"எதுக்குங்க?"

"வாய்க்கு" என்றார் டார்ச்காரர். அவர் வாரியத்தின் கண்காணிப்பாளர்.

திரைக் கருத்து ஒழுங்குமுறை வாரியம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து பல படங்கள் படுத்துவிட்டன. ஏன் என்று ஆராய ஒரு நிபுணர் குழு போட்டார்கள். குழு நாடு நாடாகச் சுற்றி, நல்ல ஓட்டல்களாகப் பார்த்துத் தங்கி, ஆழ்ந்து யோசித்தது. படம் எடுத்தவர்கள் நிபுணர்கள். ஆகவே படம் ஓடாததற்குப் படம் காரணமாக இருக்க முடியாது. மிச்சம் இருந்தது பார்வையாளர்தான். அவர் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, தகுதியும் பயிற்சியும் இல்லாமல் "சுமார்தாங்க" என்கிறார். கேட்டவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். இந்தச் சுமாரை ஒழிப்பதற்காக ஏற்பட்டதே வாரியம்.

விசாரணைக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் அழைத்திருந்தார்கள். அவர் கருத்துக் கொடுத்தவர். அவள் கருத்துப் பெற்றவள். காத்திருக்கும் அறையில் ஏற்கெனவே ஒருத்தர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பிரிட்ஜ்காரர் விசாரித்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க. கொட்டாவி விட்டேன்."

"அதுக்கா?"

"கேமராவுல இருக்காம். சத்தமில்லாத கருத்தாம். வாய்விட்டுச் சொன்னதவிட அது ஒட்டுவாரொட்டியாம். எனக்கு முன்னாடி ஒரு வரிசைக்கே தொத்திக்கிச்சுனு காட்டுறாங்க."

உள்ளே நீள மேஜை. நடுவில் தலைவர், தொந்தியும் சாந்தமும் சரிசமமாக அமைந்தவர். இருபுறமும் உறுப்பினர்கள். ஒரு குமாஸ்தா எழுந்து, தியேட்டரில் பதிவான கருத்துகளை நல்ல உச்சரிப்போடு வாசித்தார்.

"மாடு பரவாயில்லை."

"இதுல மாட்டுத் தரப்புல ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை ஐயா. மாட்டின் உரிமையாளர் மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார். நடிகர் தரப்பில்தான் கொதிப்பு."

"அடுத்தது."

"பிரிட்ஜுக்கு பிளக் சொருகவில்லை."

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பிரிட்ஜ் மெக்கானிக்குங்க."

"சினிமால?"

"சினிமா பாப்பேங்க."

"பாக்குறது ஒரு தகுதியா? ரோட்டுல போற எல்லாருக்கும் கண்ணு இருக்கே" என்றார் தலைவர். "நம்ம வாரியத்த எடுத்துக்குங்க. இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து நான் ஒரு படம்கூடப் பாத்ததில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும். ஒரு படம் புடிச்சுப்போச்சுன்னு வைங்க, இன்னொரு படம் புடிக்காமப் போக வாய்ப்பு இருக்கா இல்லையா? நான் அந்த வம்புக்கே போறதில்ல. எந்தப் படத்தப் பத்தி வேணா கேளுங்க, ஒரே மாதிரி பேசுவேன். அதுதான் நேர்மை."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். வலது கோடியில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"சட்டை கசங்கலன்னு சொன்னீங்களே, அந்தப் படம் என் மச்சான் எடுத்தது. மச்சான் படம்கிறதுக்காக நான் பேசுறேன்னு யாரும் நெனச்சுடக் கூடாது. எனக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. என் பணமும் அதுல மாட்டியிருக்கு, அதனால பேசுறேன். இது முழுக்க முழுக்கக் கொள்கைப் பிரச்சினை."

அதுவரை சும்மா இருந்த மனைவி வாயைத் திறந்தாள். "ஐயா, அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்லல. எங்கிட்டதான் சொன்னார். எனக்குக் கண்ணு போச்சு. அவர் சொன்னாத்தான் எனக்குப் படம்."

"அதத்தாம்மா நாங்களும் சொல்றோம்" என்றார் தலைவர் கனிவாக. "நீங்க வாங்கப்போயி அவர் குடுத்தாரு. வாங்குற ஆள் இல்லன்னா கருத்து எங்கேர்ந்து வரும்? சட்டப்படி உங்க குத்தம்தான் பெருசு. ஆனா வாரியத்துக்கும் இதயம் இருக்கு."

இதயம் இப்படித் தீர்ப்பளித்தது. இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடப்படுகிறார்கள். இனி உரிமம் இல்லாமல் அவர் ஒரு வார்த்தை பேசினால், கருத்துப் பெற்ற குற்றத்துக்காக அவளை எந்தத் தியேட்டருக்குள்ளும் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். அவர் உரிமம் வாங்கும்வரை அவள் வசதிக்காக, பார்வையற்றோருக்கென வாரியமே தயாரித்த ஒலிக்கருவி இலவசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கருவிக்குள்ளிருந்து ஒரு குரல், "காட்சி நடைபெறுகிறது" என்றது. பிறகு, "காட்சி தொடர்ந்து நடைபெறுகிறது" என்றது. சண்டைக்கும் முத்தத்துக்கும் சாவுக்கும் அதே குரல், அதே நிதானம். பக்கத்தில் பிரிட்ஜ்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவேளை வருவதற்குள் அவள் கருவியைக் கழற்றிவிட்டாள்.

"கரண்ட் போன வீட்டுல தனியா உக்காந்திருக்க மாதிரி இருக்குங்க. வாங்க, போலாம்."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலை வாரிக்கொள்ளவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கூப்பிட்டால், "தலைவலிங்க" என்பாள். வேலைக்குப் போன இடத்தில் கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டுவிட்டு எதற்குக் கழற்றினோம் என்று யோசிக்கிற நிலைமைக்கு அவர் வந்துவிட்டார். கடைசியில் உரிமமே வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

"வாங்கிட்டா யார் என்ன கேக்க முடியும்? இஷ்டத்துக்குப் பேசலாம்ல?" என்று அவளிடம் சொன்னார். அவளும் நம்பினாள். உரிமம் என்றால் அனுமதி என்று நினைக்கிற அளவுக்கு இருவரும் வெகுளிகள்.

பயிற்சி வகுப்பு சாயங்காலங்களில் நடந்தது. வாரியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கொட்டாவி விட்ட வேன்காரரும் வந்திருந்தார். பயிற்சியாளர் ஒரு காலத்தில் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். அவர் முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கருத்து மூணு வகை. நன்று, மிக நன்று, காலத்தால் அழியாதது."

வேன்காரர் கையைத் தூக்கினார். "நல்லா இல்லாத படத்துக்கு சார்?"

"நன்று."

"அப்ப நல்ல படத்துக்கு?"

"மிக நன்று."

"காலத்தால் அழியாதது?"

"அது அமைச்சர் குடும்பத்துப் படம். அதுல நீங்க குழம்ப வேண்டியதில்ல, முன்கூட்டியே சொல்லி அனுப்பிடுவோம்."

ஒவ்வொரு நாளும் ஒரு பாடம். சிரிப்பு வராத இடத்தில் சிரிப்பது. சிரிப்பு வருகிற அழுகைக் காட்சியில் அடக்கிக்கொள்வது. கதை புரியவில்லை என்றால் 'புதிய முயற்சி' என்று சொல்வது. புரிந்து, அதனாலேயே பிடிக்காமல் போனால் 'எல்லாத் தரப்பினருக்கும் ஏற்றது' என்பது. தூங்கிவிட்டால் 'ஆழ்ந்த அனுபவம்'.

ஒரு நாள் பிரிட்ஜ்காரருக்கென்றே தனிப்பாடம் வைத்தார்கள். சுவரில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சமையலறை. பிரிட்ஜ். வயர் பின்னால் தொங்குகிறது. பிளக் தரையில் கிடக்கிறது. கதாநாயகி அதைத் திறந்து ஐஸ்கட்டி எடுக்கிறாள்.

"என்ன தெரியுது?" என்றார் பயிற்சியாளர்.

பிரிட்ஜ்காரருக்கு உள்ளங்கை அரித்தது. வாய் தானாகத் திறந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவள் நினைவுக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"குடும்பப்பாங்கான காட்சி சார்."

"பிரிட்ஜ்?"

"குளிர்ச்சியா இருக்கு சார்."

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவர் ஒருத்தர் போதும்யா எனக்கு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பிரிட்ஜ்காரருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போகப்போக அதுவும் நின்றுவிட்டது. அது நின்றதைத்தான் அவர் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி தடவித் தடவிச் சமைப்பாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நன்று" என்றார்.

"உப்பே போடலைங்க. இப்பத்தான் ஞாபகம் வருது."

"சிறு குறைகள் இருந்தாலும் நன்று."

அவள் அவர் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். "வகுப்பு எப்ப முடியுது?" என்று மட்டும் கேட்டாள்.

தேர்வு நாளன்று அவர்களை இருட்டறையில் உட்காரவைத்தார்கள். திரை விலகியது. வெள்ளைத் துணிதான் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, "கருத்து சொல்லுங்க" என்றார்கள்.

"படம் இன்னும் போடலையே" என்றார் வேன்காரர்.

"படம் இன்னும் எடுக்கவே இல்ல" என்றார் பயிற்சியாளர். "அடுத்த வருஷம்தான் பூஜை. ஆனா கருத்து இப்பவே தயாரா இருந்தாத்தானே தயாரிப்பாளருக்குத் தைரியம் வரும்? படத்தப் பாத்துட்டு யார் வேணா சொல்லிடலாம்."

வேன்காரர் திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் அடக்கமாட்டாமல் வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். இரண்டு பேர் வந்து அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். போகும்போதும் ஒன்று விட்டார்.

பிரிட்ஜ்காரர் முறை வந்தது. எழுந்து நின்றார். தயங்கவே இல்லை.

"தொடக்கம் முதல் இறுதிவரை விறுவிறுப்பு குறையவில்லை. நடிகர்கள் பாத்திரமாகவே மாறியிருக்கிறார்கள். ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து. குடும்பத்தோடு காண வேண்டிய படம். மிக நன்று."

அறையே எழுந்து நின்று கைதட்டியது. அவருக்கே ஆச்சரியம், அந்த வெள்ளைத் துணியில் ஏதோ நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது.

உரிமம் வழங்கும் விழாவில் தலைவர் பேசினார். "முன்னெல்லாம் ஒரு படம் வந்தா ஆளுக்கொரு பேச்சு. எவ்வளவு குழப்பம்! இன்னைக்கு நாட்டுல எங்க போய் யாரக் கேட்டாலும் ஒரே கருத்து. இதத்தான் ரசனை வளர்ச்சின்னு சொல்றோம். சில பேர் கேக்குறாங்க, அப்படின்னா படம் ஏன் இன்னும் ஓட மாட்டேங்குதுன்னு. நல்ல கேள்வி. அதுக்கும் ஒரு குழு போட்டிருக்கோம். கருத்து எல்லாம் சரியாயிடுச்சு. இனி ஆட்கள் டிக்கெட் வாங்காம இருக்குறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் ஒரு கருத்தா எடுத்துக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கோம்."

உரிமம் கையகல அட்டை. அதில் முகப்படம் கிடையாது. வாயை மட்டும் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பிரிட்ஜ்காரரின் வாய், பாதி திறந்து, ஒரு பல் கோணலாக, முத்திரை குத்தப்பட்டு இருந்தது.

மனைவி அன்றைக்குத் தலை வாரிக்கொண்டாள். வாசலில் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னைக்கு நெறைய சொல்லணும், ஆமா. இத்தன நாள் விட்டதுக்கும் சேத்து" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டுதான் போனார்.

தியேட்டரில் அவர்களுக்கு நேர் பின்னால் கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். உரிமம் இல்லாதவனை எப்போதாவது ஒரு தடவை பார்ப்பார்கள். உரிமம் உள்ளவனைத்தான் எப்போதும் பார்ப்பார்கள் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. மனைவிக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, பாப்கார்ன் பொட்டலத்தோடு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. பாட்டுச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று மனைவி அவசரப்படுத்தினாள்.

"தொடக்கமே விறுவிறுப்பு" என்றார் அவர்.

"யாரு வர்றா?"

"நடிகர்கள் பாத்திரமாகவே மாறியிருக்கிறார்கள்."

"விளையாடாதீங்க. என்ன நடக்குது?"

அவர் திரையைப் பார்த்தார். ஒரு வீடு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் மொட்டைமாடியில் நின்று கையை ஆட்டினாள். அவருக்குத் தெரிந்தது. ஆனால் சொல்வதற்கு வாயைத் திறந்தால், வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தது வேறொன்று.

"ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து" என்றார்.

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. கையை அவர் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் வந்த பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, எனக்குக் கண் தெரியாது. என்ன சத்தம் அது?"

"வீடு எரியுதுக்கா" என்றாள் பாப்கார்ன்காரி. "மாடில அந்தப் பொண்ணு நிக்குது."

"ஐயையோ. அழுவுறாளா?"

"அழுவுது. சுத்தி அவ்வளவு புகை, மூஞ்சில ஒரு பொட்டு கரி இல்ல. இப்பத்தான் கல்யாண வீட்டுலேர்ந்து வந்த மாதிரி நிக்குது. ஹீரோ ஏணி எடுக்கப் போனான், தலைய வாரிட்டு வர்றான்."

மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் வந்து விழுந்தது.

"இங்க உரிமம் இல்லாத கருத்து பேசுனது யாரு?"

பாப்கார்ன்காரி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். 'நான்தான் சொன்னேன்' என்று பிரிட்ஜ்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க. யாரு பேசுனது?" என்றார் கண்காணிப்பாளர்.

"எனக்குக் கண் தெரியாதுங்க. யாருன்னு எப்படிச் சொல்ல?"

"உங்க வீட்டுக்காரரா?"

"அவர் இல்ல" என்றாள் அவள். "அவர் பேசினா எனக்குத் தெரியும். அவர் பேசி ரொம்ப நாளாச்சு."

கண்காணிப்பாளருக்கு அது போதுமானதாக இருந்தது. கொடுத்தவர் தெரியாவிட்டாலும் பெற்றவர் கையும் களவுமாக இருக்கிறாரே. அவளை எழுந்திருக்கச் சொன்னார். இனி எந்தத் தியேட்டரும் கிடையாது என்பதை அங்கேயே, படத்துக்கு இடைஞ்சலில்லாமல் தணிந்த குரலில் அறிவித்தார். அவள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டு எழுந்தாள். பிரிட்ஜ்காரரும் பதறி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் கண்காணிப்பாளர் மரியாதையாக. "உரிமம் உள்ளவர் பாதிப் படத்துல எழுந்து போனா அதவிடப் பெரிய கருத்து வேற கெடையாது. முழுசாப் பாத்துட்டுத்தான் வரணும்."

"அவளுக்குப் படி தெரியாதுங்க..." என்று ஆரம்பித்தார்.

"வாங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பாப்கார்ன்காரி எழுந்துவிட்டாள். அவளிடம் உரிமம் எதுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவள் கையைப் பிடித்து, "இங்க ஒரு படி, பாத்து" என்று சொல்லிக்கொண்டே போனாள். கதவு திறந்து வெளிச்சம் வந்தது, மூடியது.

பிரிட்ஜ்காரர் உட்கார்ந்தார். தீயை அணைத்தார்கள். யாரோ யாரையோ மன்னித்தார்கள். ஒரு பாட்டு வந்தது. அவர் எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தார். வாசலில் கண்காணிப்பாளர், "எப்படி சார்?" என்றார். "மிக நன்று" என்றார் இவர்.

வெளியே நடைபாதை ஓரத்தில், பூட்டிய கடை ஒன்றின் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலம் காலியாகிக் கிடந்தது. பாப்கார்ன்காரி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருடைய செருப்புச் சத்தம் கிட்டே வந்ததும் சிரிப்பை நிறுத்தி, எழுந்து, ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். பாப்கார்ன்காரி விடைபெற்றுக்கொண்டு தன் வழியே போனாள்.

இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அவர் அவள் காதுப்பக்கம் குனிந்தார்.

"வீடு எரிஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா..."

"வேணாங்க. மீதிக் கதைய அந்தம்மா சொல்லிட்டாங்க."

"அவங்கதான் பாக்கவே இல்லையே. உன்கூடயே வெளிய வந்துட்டாங்களே."

"தெரியும்" என்றாள் அவள். "அவங்களா இட்டுக்கட்டித்தான் சொன்னாங்க. நல்லா இருந்துச்சு."